இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம்: வட ஆற்காட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

இங்கிலாந்தில் கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவச்சியுடன் நடக்கும் முதல் நீண்ட சந்திப்பிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ ஒரு கேள்வி வரும்: குழந்தையை மருத்துவமனையில் பெற விரும்புகிறீர்களா, மருத்துவச்சிகளே நடத்தும் பிரசவ மையத்திலா, அல்லது வீட்டிலா? வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வரும் தம்பதியரில் பலர் இதைக் கேட்டுத் திகைத்துப் போகிறார்கள். தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. வீட்டுப் பிரசவம் என்றால் 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்துப் பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் உயிரிழந்த செய்திதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் கேட்கப்படுவது அத்தகைய பிரசவம் பற்றியன்று. பதிவு பெற்ற மருத்துவச்சி உரிய கருவிகளோடும் மருந்துகளோடும் உங்கள் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பதும், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அரசின் மகப்பேறு சேவையிலேயே அடங்கியவை.

செலவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் தேவையில்லாமல் பணம் கட்டிவிடுபவர்கள் உண்டு. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் செலுத்துகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் அது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு. அதைச் செலுத்தியவருக்கு என்.எச்.எஸ். எனப்படும் அரசு சுகாதாரச் சேவையின் மகப்பேறு சேவை முழுவதும், வீட்டுப் பிரசவம் உட்பட, இலவசம். சுகாதாரப் பணியாளர் விசாவில் வரும் செவிலியர்களும் அவர்களைச் சார்ந்து வரும் குடும்பத்தினரும் அந்தக் கட்டணத்தைக்கூடச் செலுத்த வேண்டியதில்லை. வேலூரிலிருந்து வருபவர்களில் செவிலியர்கள் பலர் என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். சுற்றுலா விசாவில் வந்தவரின் நிலை வேறு. அவருக்கு மகப்பேற்றுச் செலவு என்.எச்.எஸ். நிர்ணயித்த விலையில் ஒன்றரை மடங்காக விதிக்கப்படும். பணம் கட்டவில்லை என்பதற்காக மகப்பேறு சிகிச்சையை மறுக்கவோ தாமதப்படுத்தவோ கூடாது என்பது விதி, ஆனால் கட்டணச்சீட்டு பின்னால் வரும். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி வைத்திருந்தால் அடுத்த விசா மறுக்கப்படக்கூடும்.

மருத்துவச்சியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் வழியாகவோ, அருகிலுள்ள மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவு இணையதளத்தில் நீங்களே படிவத்தை நிரப்பியோ பதிவு செய்துகொள்ளலாம். பத்து வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடந்துவிடுவது நல்லது. அப்போதே வீட்டுப் பிரசவத்தில் விருப்பம் உண்டு என்று சொல்லிவிட்டால் அதற்கான குழுவிடம் உங்களை ஒப்படைப்பார்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும், வலி எடுத்த பின்னரும், மனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆள் பற்றாக்குறையால் சில இரவுகளில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டு, மருத்துவமனைக்கு வரச் சொல்வதும் நடக்கிறது. கடந்த சில மாதங்களில் உங்கள் பகுதியில் அப்படி எத்தனை முறை நடந்தது என்று தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கணவரே மொழிபெயர்க்கட்டும் என்று விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் மனைவி தனியாகச் சொல்ல விரும்பும் செய்திகளும் இருக்கும்.

தனியாகக் கட்டணம் வாங்கும் மருத்துவச்சிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். முதல் சந்திப்பிலிருந்து பேற்றுக்குப் பின்வரும் வாரங்கள் வரை ஒரே முகம் வேண்டும் என்பவர்கள் அவர்களை நாடுகிறார்கள். பணம் கொடுக்கும் முன் அந்நாட்டின் செவிலியர், மருத்துவச்சியர் பதிவேட்டில் அவர் பெயர் மருத்துவச்சியாக இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகப் பார்த்துவிடுங்கள். பிரசவ நேரத்துக்கும் காப்பீடு உண்டா, அன்று அவர் வேறொரு பிரசவத்தில் இருந்தால் யார் வருவார், மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால் பணம் என்னவாகும் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். மருத்துவமனைக்குள் போன பிறகு பொறுப்பு பெரும்பாலும் அங்குள்ளவர்களுக்கே மாறிவிடும். உங்கள் மருத்துவச்சி துணையாக மட்டுமே அருகில் இருப்பார். டூலா எனப்படுபவர் ஆறுதலுக்கும் உதவிக்கும் வருபவர். பிரசவம் பார்க்க அவருக்கு உரிமை இல்லை.

நம் குடும்பங்களில் எழும் குழப்பம் ஒன்று உண்டு. நம் நாட்டில் செவிலியர் படிப்பை முடித்தவர்கள் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் சேர்த்தே பதிவு பெறுகிறார்கள். இங்கிலாந்தில் இவை தனித்தனிப் பதிவுகள். அவசர நிலையைத் தவிர, பதிவு பெற்ற மருத்துவச்சியோ மருத்துவரோ அல்லாத எவரும் பிரசவம் பார்ப்பது அங்கே குற்றம். ஆகவே முப்பது ஆண்டு லேபர் வார்டில் வேலை பார்த்த பெரியம்மா உங்களோடு இருந்தாலும், அவர் முதுகு நீவிவிடலாம், கஞ்சி காய்ச்சித் தரலாம், அதற்கு மேல் கூடாது.

எல்லோருக்கும் வீடு ஏற்றதன்று. இரட்டைப் பிள்ளை, முந்தைய சிசேரியன், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை தலைகீழாகத் திரும்பாத நிலை, 37 வாரத்துக்கு முன்பே வலி எடுத்தல் ஆகியவற்றில் மருத்துவமனையையே பரிந்துரைப்பார்கள். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனைக்கு அழைப்பார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2011இல் வெளியான இங்கிலாந்தின் பெரிய ஆய்வின்படி, வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைச்சன் பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். இரண்டாவது அல்லது அதற்கடுத்த குழந்தையாக இருந்தால் 12 பேர்தான். தலைச்சன் குழந்தைகளில் கடுமையான பாதிப்பு, மருத்துவமனையில் திட்டமிட்டால் ஆயிரத்துக்கு ஐந்தாகவும் வீட்டில் திட்டமிட்டால் ஒன்பதாகவும் இருந்தது. அடுத்தடுத்த பிரசவங்களில் அந்த வேறுபாடு தென்படவில்லை. எனவே முதல் குழந்தைக்கு, மருத்துவமனையை ஒட்டியுள்ள மருத்துவச்சிகளின் பிரசவ மையத்தையே நான் சொல்வேன்.

ஊரிலுள்ள அம்மாவுக்கும் மாமியாருக்கும் இதைத் தொலைபேசியில் விளக்குவது எளிதன்று. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான், பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார் என்பது வேலூரில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த வரலாறு. ஆகவே அம்மா, மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பெண்கள் மாண்டதற்கு, ஆண் மருத்துவரை வீட்டார் அனுமதிக்காததும் பயிற்சி பெற்ற பெண் எவரும் அருகில் இல்லாததுமே காரணம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வலி தொடங்கியதும் ஒரு மருத்துவச்சி வந்து உடனிருப்பார் என்றும், குழந்தை பிறக்கும் நேரம் நெருங்கும்போது இரண்டாமவரும் வருவார் என்றும் கேட்டால் அவர்களுக்குச் சற்று நிம்மதி வரும்.

இனி வீடு. புதிதாக வந்தவர்கள் பலர் வேறு குடும்பங்களோடு பகிர்ந்துகொண்ட வீட்டில் ஓர் அறையில்தான் இருக்கிறார்கள். ஒரே குளியலறையை மூன்று குடும்பம் பயன்படுத்தும் இடத்தில் இதை நினைக்காமல் இருப்பதே மேல். தனி வீடு என்றால், நன்றாகச் சூடேறும் அறை, தண்ணீர் ஊறாத விரிப்பு, பழைய துண்டுகள், வெளிச்சமான விளக்கு, ஆம்புலன்ஸ் நிற்க இடம் ஆகியவை போதும். தண்ணீர்த் தொட்டியில் பெற விரும்பினால் அதன் எடையை மாடித் தரை தாங்குமா என்று முன்பே விசாரியுங்கள். வலிக்கு மூச்சில் இழுக்கும் வாயு வீட்டிலேயே கிடைக்கும். முதுகில் போடும் மயக்க ஊசி மருத்துவமனையில் மட்டுமே உண்டு.

அம்மாவை வரவழைப்பதென்றால், வருகையாளர் விசா பொதுவாக ஆறு மாதத்துக்கே என்பதால், பேறுகாலத்துக்கு ஒரு மாதம் முன் அவர் வந்து சேருமாறு திட்டமிடுங்கள்; அவருக்கு என்.எச்.எஸ். இலவசமன்று, பயணக் காப்பீட்டை மறக்காமல் எடுத்துவிடுங்கள். சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ முன்பு பிரசவமோ சிகிச்சையோ ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். முந்தைய பிரசவத்தில் இரத்தப்போக்கு இருந்ததா என்பது போன்ற செய்திகளை வைத்துத்தான் மருத்துவச்சி முடிவெடுப்பார்.

வீட்டில் பிறந்த குழந்தைக்கும் பிறப்புப் பதிவு வழக்கம் போலத்தான். மருத்துவச்சி தகவல் கொடுத்துவிடுவார். நீங்கள் 42 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெற்றோரில் ஒருவராவது பிரித்தானியக் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவராகவோ இல்லையெனில் குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. அதனால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிவு செய்து பாஸ்போர்ட் வாங்குங்கள். நீங்கள் சுகாதாரக் கட்டணம் செலுத்தியவராக இருந்தால் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் என்.எச்.எஸ். இலவசம்; குழந்தைக்கான விசா விண்ணப்பத்தை அந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.