பிஎஸ்என்எல் ஃபைபர் நின்றுபோனால்: புகார் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

நெட் நின்றதும் பலரும் ஊசியைத் தேடி மோடத்தின் ரீசெட் துளையில் குத்துகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். நெட்டுக்குள் நுழையும் பிபிபிஓஇ (PPPoE) லாகினின் பயனர் பெயர், பாஸ்வேர்டு, நெட்டையும் போனையும் பிரித்துக் காட்டும் விலான் (VLAN) எண், லேண்ட்லைனுக்கான அமைப்பு எல்லாம் அழிந்துவிடும். பழுது வெளியே கம்பத்துக் கேபிளில் இருந்தால், அதோடு வீட்டுக்குள்ளும் ஒன்று சேர்ந்துவிடும், லைன்மேன் கேபிளைச் சரிசெய்த பிறகும் நெட் வராது. சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுவதில் தீங்கில்லை.

அடுத்து மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' (LOS) சிவப்பாக மின்னினால் மோடத்துக்கு ஒளி வந்து சேரவில்லை. 'எல்ஓஎஸ்' அணைந்து 'பான்' (PON) பச்சையாக மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்ச் கருவி உங்கள் மோடத்தை ஏற்கவில்லை. மோடம் மாற்றிய வீடுகளில் இது சகஜம். புதிய பெட்டியின் சீரியல் எண்ணை அவர்கள் பதிவுசெய்ய வேண்டும்.

சிவப்பு விளக்குக்கு வீட்டிலேயே பார்க்கக்கூடியது கொஞ்சம் உண்டு. மெல்லிய ஃபைபர் வயரைச் சுவர் தொடங்கி மோடம் வரை தடவிப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கலாம், ஜன்னல் கதவில் மாட்டியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக மடங்கினால் ஒளி வெளியே கசியும். வயரை நிமிர்த்தியதும் விளக்கு அணைந்தால் வேலை முடிந்தது. பச்சை நிற இணைப்பானைக் கழற்றினால் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். முனையை விரலால் தொடவோ வாயால் ஊதவோ கூடாது, ஈரமும் எண்ணெய்ப் பசையும் ஒட்டிக்கொள்ளும். வயரை மாற்றினால் பச்சை முனை உள்ளதையே வாங்குங்கள். பச்சையின் முகம் 8 பாகை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். நீல முனை அதனோடு பொருந்தாது, சிக்னல் வீணாகும்.

நெட் விட்டுவிட்டு வருகிறதென்றால் ஒளி அளவைப் பார்க்க வேண்டும். பல மோடங்களில், பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டால் வரும் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (Rx Power) என்று இருக்கும்; மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. -15 முதல் -25 டிபிஎம் (ஒளி அளவின் அலகு) வரை நிம்மதி. -27-ஐத் தாண்டி -28 பக்கம் இறங்கினால் விளிம்பில் ஓடுகிறது. ஒவ்வொரு 3 டிபி இறக்கத்துக்கும் ஒளி பாதியாகிறது என்பதால், -24 காட்டிய லைன் -27 ஆனால் எங்கோ ஸ்ப்ளைஸ் (இரண்டு ஃபைபர் துண்டுகளை ஒட்டிய இடம்) கெட்டிருக்கிறது, அல்லது வயர் வளைந்திருக்கிறது.

'பான்' நிலையான பச்சை, மோடத்தில் செருகிய போனிலும் பேச முடிகிறது, நெட் மட்டும் இல்லை என்றால் லைனைக் குறை சொல்லாதீர்கள். பில் பாக்கி உள்ளதா என்று பாருங்கள், பிறகு பிபிபிஓஇ லாகினைப் பாருங்கள். நெட் வருகிறது, ஆனால் டிவியில் பிஎஸ்என்எல்லின் டிவி சேவையான ஐஎஃப்டிவி மட்டும் ஓடவில்லை என்றால் முதலில் தேட வேண்டிய இடம் செயலியும் அதன் லாகினும்.

புகாரில் "நெட் வரலை" என்று மட்டும் சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். "எல்ஓஎஸ் சிவப்பு, வீட்டுக்குள் வயர் சரி" என்று சொல்லுங்கள்; ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வர வாய்ப்பு கூடும். புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். சரிசெய்தவர் கிளம்பும் முன் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். -26-க்குக் கீழே காட்டினால் அங்கேயே மறுபடி ஸ்ப்ளைஸ் போடச் சொல்வது நல்லது.