பள்ளி முடிந்ததும் என்ன? பிள்ளையோடு உட்கார்ந்து திட்டமிடும் முறை

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் இருக்கும் பிள்ளைக்கு வழிகாட்ட நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வாரம் ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்வியை மாற்றுங்கள்

"என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால், பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் பிள்ளை நழுவிவிடும். "எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை?", "யாரும் சொல்லாமலே எதைச் செய்தாய்?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதுங்கள். நடுவில் திருத்த வேண்டாம்.

படி 2: வகை பிரியுங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த ஆறு வகைகள் இங்கே உதவும்: கைத்திறன், ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், தொழில்முனைவு, ஒழுங்காகக் கணக்கும் பதிவும் பேணும் வேலை. பெரும்பாலான பிள்ளைகளிடம் இரண்டு மூன்று கலந்திருக்கும். சைக்கிளைக் கழற்றி மாட்டுவதும், தம்பிக்குக் கணக்கு சொல்லித்தருவதும் பிடிக்கும் என்றால் பட்டறைப் பயிற்றுநர் வேலையையும் யோசிக்கலாம். இப்படி மூன்று தொழில்களைப் பொறுக்கியெடுங்கள்.

படி 3: அந்த வேலையில் இருப்பவரைப் பாருங்கள்

என்னைக் கேட்டால், அதிக நேரம் தரவேண்டியது இதற்குத்தான். தொழிலுக்கு ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். பேசுவது பிள்ளையாகவே இருக்கட்டும். கூடப் போனாலும் நீங்கள் குறுக்கிடாதீர்கள். பிள்ளை கேட்க வேண்டியவை இவை: நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? எது சலிப்பாக இருக்கிறது? எத்தனை ஆண்டு படிப்புக்கு அப்புறம் முதல் சம்பளம் வந்தது? மறுபடி 17 வயதானால் இதையே தேர்ந்தெடுப்பீர்களா?

அனுமதி கிடைத்தால் ஒரு நாள் முழுக்க அருகிலிருந்து பார்ப்பது இன்னும் நல்லது. செவிலியர் வேலைக்குப் பரிவு இருந்தால் போதும் என்று நினைத்த பிள்ளைக்கு, நோயாளியைத் தூக்கித் திருப்பும் உழைப்பும், விடாமல் எழுத வேண்டிய பதிவுகளும், இரவுப் பணியின் அலுப்பும் அப்போதுதான் புரியும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அந்த ஆசையை நம்பலாம்.

படி 4: வழியும் செலவும்

பல்கலைக்கழகம் மட்டுமே வழியல்ல. பட்டயப் படிப்பு இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பது இருக்கிறது. ஜெர்மனியில் தொழிற்பயிற்சியில் சேர்பவர்கள் பொதுவாக 2 முதல் 3½ ஆண்டுகள் நிறுவனத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கற்கிறார்கள்; நிறுவனம் ஊதியமும் தருகிறது.

தேர்ந்த வழிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: நுழைவுத்தேர்வு, சான்றிதழ்கள், உதவித்தொகை விண்ணப்பம். கட்டணத்தோடு தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வீட்டால் எவ்வளவு முடியும் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். கடன் வாங்குவதாக இருந்தால் மாதத் தவணையைப் பிள்ளையே கணக்குப் போடட்டும்.

படி 5: இரண்டாவது வழி

முதல் வழி கிடைக்காவிட்டால் எதில் போவது? தேர்வு முடிவு வரும் முன்பே இதை எழுதிவிடுங்கள். மதிப்பெண் வந்த அன்றைய பதற்றத்தில் நிதானமாக யோசிக்க முடியாது. இதையும் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும், இதற்கும் கடைசித் தேதி குறிக்க வேண்டும்.