அலைச்சறுக்கும் ஆவியும் கலந்த இளையோர் நாவலை எழுதுவது எப்படி?

ஒருவரை நமக்குப் பிடித்திருக்கிறது என்கிறோம். ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்றும் சொல்கிறோம். பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழகும் பிள்ளைகள் அலையைப் பிடித்தேன் என்கிறார்கள். பதின்வயதின் அடங்காத ஈர்ப்பையும் அமானுஷ்யத்தையும் கடலையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவர விரும்புகிறவர், இந்த மூன்று பிடிப்புகளும் ஒரே பிள்ளையின் உடம்பில் சந்திக்கும் தருணத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைக்கும்வரை கதைச்சுருக்கம்கூட எழுத வேண்டாம்.

களம் நம் சீமையிலேயே இருக்கிறது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலியோடு இருந்த மணப்பாட்டில், திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்றையொட்டிய கடலுக்கு அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வருகிறார்கள். விடியற்காலையில் அந்தக் கரையில் உட்கார்ந்து, அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதையும், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கடல் எவ்வளவு நேரம் அடங்கிக் கிடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காக ஆழம் குறையும்போது, அடிப்பகுதி வேகம் இழக்க, முகடு முந்திக்கொண்டு கவிழ்கிறது. பலகையில் எழுந்து நிற்பது சில நொடிகள்தான், காத்திருப்பதோ மணிக்கணக்கு. ஆசை முற்றுவது அந்தக் காத்திருப்பில் என்பதால், உங்கள் அத்தியாயங்களின் நீளமும் அங்கேதான் செலவாக வேண்டும்.

அமானுஷ்யத்துக்கு இரத்தம் குடிக்கும் இரவல் பாத்திரங்கள் தேவையில்லை. தென்கடலில் எங்கோ தொலைவில் வீசிய புயலால் எழும்பும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் முன்னறிகுறி எதுவுமின்றிக் கரையேறும். அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். அறிவியல் காரணம் தெரிந்த பின்னும் அச்சம் குறையாத இந்த நிகழ்வைவிட நல்ல நுழைவாயில் ஓர் ஆவிக்கு அமையாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆவி வந்துவிட்டால் ஊரின் நியதிக்கு அது கட்டுப்பட வேண்டும். அகால மரணம் அடைந்தவர்களைத் தெய்வமாக்கி, கொடை என்னும் கோயில் விழா எடுத்து, அவர்கள் இறந்த கதையை வில்லுப்பாட்டில் பாடுகிற மண் இது; பேய் பிடித்தவர்களை உவரி அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துவரும் வழக்கமும் உண்டு. ஆகவே, “யாருல நீ? ஒனக்கு என்ன வேணும்?” என்று ஒரு பாட்டி கேட்கும் இடம் நாவலில் நிச்சயம் வரும். அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையை முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈர்ப்பை “அவளையே நினைத்துக்கொண்டிருந்தான்” என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் ஒட்டாது. அதற்குப் பதிலாக இப்படிக் காட்டுங்கள்: பையன், மாதா கெபியில், அதாவது சிலை வைத்த குகைக்கோயிலில், அணைந்துபோன மெழுகுவர்த்தித் துண்டைப் பொறுக்கி வந்து, கால் வழுக்காமலிருக்கப் பலகையில் வட்டவட்டமாகத் தேய்க்கிறான். அவள் முந்தின நாள் கால் ஊன்றிய இடம் வந்ததும் அவன் கை அதைச் சுற்றிப் போகிறது, மெழுகு அங்கே படவில்லை. மறுநாள் அவன் அந்த இடத்தில்தான் வழுக்கி விழ வேண்டும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. விடாமல் பின்தொடர்வதைக் காதலின் உயரமாகக் காட்டும் கதைகளைப் படித்துத்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவளுக்கு அது எப்படி இருந்தது என்பதை அவள் வாயாலேயே சொல்லும் ஓர் அத்தியாயம் வேண்டும். அதை நாவலின் பாதிக்கு முன்னரே, அவன் அவளோடு ஒரே அலையில் இறங்கும் நாளுக்கு முந்தைய இரவில் வையுங்கள்.