தகயாசு நோய்: கை விஷயத்தில் விடக்கூடாத பிழைகள்

கொடியில் உடுப்புக் காயப்போடக் கையைத் தூக்கினால் இடது கை மட்டும் சீக்கிரம் சோர்ந்து கடுக்கிறது. இறக்கிவிட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. தலை பின்னும்போதும் தேங்காய் திருவும்போதும் இதே கதைதான். முப்பது வயதுப் பெண் ஒருவர் இப்படிச் சொன்னால் கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முதலில் கிடைக்கும் பதில் ‘கழுத்தெலும்பு தேய்வு’, அடுத்தது ‘நரம்புப் பிடிப்பு’. பல பேருக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் வேலை செய்யும்போது மட்டும் வந்து, ஓய்வெடுத்ததும் போய்விடுகிற கடுப்பென்றால் கைக்கு இரத்தம் போதவில்லையா என்றும் பார்க்க வேண்டும். அதற்கான காரணங்களில் ஒன்று தகயாசு நோய். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரும் அதன் கிளைகளின் சுவரும் அழற்சியால் தடித்து, உள்வழி ஒடுங்கிவிடும். அரிய நோய்தான், பெரும்பாலும் நாற்பது வயதுக்குள், பெண்களுக்கே அதிகம் வரும்.

1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ தகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரைக் குழாய்களில் கண்ட விசித்திரத்தை ஒரு மருத்துவர் கூட்டத்தில் விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்த வேறு மருத்துவர்கள், தாங்கள் பார்த்த இதே மாதிரி நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடித்துடிப்பே இல்லை என்றார்கள். ‘நாடியில்லா நோய்’ என்ற பெயரும் இதற்கு உண்டு.

இதில் ஏமாற்றுவது கையின் தோற்றம். விரல்கள் பெரும்பாலும் வழக்கமான நிறத்திலும் சூட்டிலுமே இருக்கும், வீக்கம் இருக்காது. குழாய் மெல்ல மெல்ல ஒடுங்குவதால் பக்கத்துச் சிறு குழாய்கள் பெருத்து மாற்றுவழி தருகின்றன. சும்மா இருக்கும் கைக்கு அந்த இரத்தம் போதும். வேலை செய்யும் கைக்குப் போதாது. ‘பார்க்க நல்லாத்தானே இருக்கு’ என்று மாதக்கணக்கில் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருப்பது இதனால்தான். எண்ணெயால் கெடுதல் பெரிதாக இல்லை, காலம்தான் வீணாகிறது. ஆனால் கழுத்தை அழுத்தி உருவ விடாதீர்கள். அங்கே மூளைக்குப் போகும் குழாயும் அழற்சியில் இருக்கலாம்.

அடுத்தது பிரஷர். என்னைக் கேட்டால், இந்த நோயில் மிகவும் ஆபத்தான பிழை இதுதான். ஒடுங்கிய குழாய்க்குக் கீழே அமுக்கம் குறைவாகத்தான் காட்டும். வலது கையில் 165/100 இருக்கும் ஒருவருக்கு இடது கையில் 90/60 காட்டலாம். மருந்துக்கடையில் இடது கையில் மட்டும் பார்த்துவிட்டு ‘லோ பிரஷர், உப்புப் போட்டுக் குடியுங்கோ’ என்று அனுப்பினால் என்ன ஆகும்? சிறுநீரகத்துக்குப் போகும் குழாயும் இந்த நோயில் ஒடுங்குவதுண்டு. அப்போது உண்மையான பிரஷர் ஏறிப்போய், யாருக்கும் தெரியாமலே இதயத்தையும் மூளையையும் தாக்கும். அந்த ஆளுக்குத்தான் நாம் உப்பைக் கொடுக்கிறோம்.

சிலருக்கு மெஷின் ‘எரர்’ என்று காட்டி நின்றுவிடும். பெட்டரி போய்விட்டது என்று மாற்றுவார்கள். நாடி பலவீனமாக இருப்பதாலும் அப்படி வரலாம். இரண்டு கைக்கும் 10 புள்ளி வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். 20, 30 என்று ஒவ்வொரு முறையும் வந்தால் அதை வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும். நோய் உறுதியானவர்கள், எந்தக் கையில் பிரஷர் பார்ப்பது என்று கேட்டு, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இரண்டு கையும் ஒடுங்கியிருந்தால் காலில் பார்ப்பார்கள். ‘குறைவாக வருகிற கை நல்ல கை’ என்று நினைத்து அதையே நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மனித சுபாவம், என்ன செய்ய.

இடது கையால் வேலை செய்யும்போது தலை சுற்றினால் அதைச் சாப்பிடாத களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். கைக்குப் போகும் குழாய் தொடக்கத்திலேயே ஒடுங்கியிருந்தால், மூளையின் பின்பகுதிக்குப் போக வேண்டிய இரத்தம் திரும்பி கைக்கு இறங்கிவிடும்.

மருந்து விஷயம். அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்டு மருந்தான பிரெட்னிசோலோன் தொடங்கியதும் பல பேருக்கு உடம்பு இலேசாகிவிடும். முகம் ஊதுகிறது, பசி கூடுகிறது என்று அப்புறம் தாங்களாகவே நிறுத்துவார்கள். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீரொய்டைத் திடீரென்று விட்டால் உடம்பு தன் பங்கைச் சுரக்கத் தயாராக இருக்காது. மயங்கி விழுமளவுக்குப் போகலாம். நோயெதிர்ப்பை அடக்கும் மெதொட்ரெக்ஸேட் மாத்திரை தந்திருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போடுவது உயிராபத்து. வீட்டில் வேறொருவர் மருந்து எடுத்துக் கொடுப்பதென்றால் அவருக்கும் கிழமையைச் சொல்லி வையுங்கள். பிள்ளைக்கு யோசிப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெதொட்ரெக்ஸேட் கருவுக்கு ஆகாது. ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) நல்லாக வந்துவிட்டது, இனி கிளினிக் எதற்கு என்பதும் பிழைதான். இரத்தச் சோதனை அமைதியாக இருக்கும்போதே ஸ்கேனில் ஒடுக்கம் கூடியிருப்பதுண்டு.

‘அடைப்பென்றால் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து எடுத்துவிடலாமே’ என்று சொந்தக்காரர்கள் நெருக்குவார்கள். இதயத்து அடைப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட அனுபவம் அப்படி. இங்கே சுவரே அழற்சியில் இருக்கிறது; அது அடங்குமுன் கைவைத்தால் மறுபடி ஒடுங்கும் வாய்ப்பு அதிகம். அவசரம் இல்லாதபோது முதலில் மருந்து, பிறகுதான் அந்தப் பேச்சு.

கையை ஒரேயடியாகச் சும்மா போடவும் வேண்டாம். கடுத்தால் நிறுத்தி, ஆறினதும் தொடரலாம். கொழும்புக் கோட்டை அலுவலகங்களின் ஏசி குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள் ஒரு நீளக்கைச் சட்டையை மேசையிலேயே வைத்திருங்கள். சிகரெட் வேண்டவே வேண்டாம்.

கை திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு, வலி ஓய்விலும் நிற்காமல் இருந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, பார்வை மங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸில் வருகிறவர்கள் கைக்குப் பட்டியைச் சுற்றுமுன், எந்தக் கையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.