யாழ்ப்பாணம் போகிறவர்கள் குசினியில் தொடங்குங்கள்

வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற பட்டியல் ஒன்று இருக்கிறது: நல்லூர், கோட்டை, நூலகம், கசூரினா கடற்கரை, நெடுந்தீவு. நல்ல பட்டியல்தான். ஆனால் மகளை முதன்முறை கூட்டிக்கொண்டு போனபோது முதல் இரண்டு நாளும் நான் அவளை எங்கேயும் கொண்டுபோகவில்லை. கொக்குவிலில் பெரியம்மா வீட்டுக் குசினியில் இருத்தி, கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து, பெரியம்மாவின் வாயில் வருகிற பொருட்பெயர்களை எல்லாம் எழுதச் சொன்னேன்.

கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், துவாய், சப்பாத்து, பாண். ஏன், குசினியும்தான். எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். மேசையின் இழுப்பறையைப் பெரியம்மா 'லாச்சி' என்றார். பெரியப்பா வேலைக்குப் போன இடம் 'கந்தோர்'. இவை ஒல்லாந்தருடையவை, அதாவது டச்சுக்காரருடையவை. பின்னேரம் இருவரும் கொல்லைப்புறம் போனார்கள். சுளகு, கடகம், நீத்துப்பெட்டி, உமல் என்ற பனையோலைச் சாமான்கள், ஒடியல், புழுக்கொடியல் என்ற உலர்ந்த பனங்கிழங்கு என்று பக்கம் நிறைந்தது. அந்தப் பக்கத்தில் ஒல்லாந்தனும் இல்லை, போர்த்துக்கேயனும் இல்லை. நிமிர்ந்து இருப்பதற்கும் பூட்டி வைப்பதற்கும் கையெழுத்து வைப்பதற்கும் சொற்கள் கடலால் வந்திருக்கின்றன. பனையும் அடுப்பும் தங்கள் பெயரை விடவில்லை. மகள் அதைத் தானே கண்டுபிடித்தாள். நீங்களும் இதைச் செய்யுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.

பிறகு கோட்டைக்குப் போகலாம். வெயில் தாழ்ந்த பின், நாலரை மணிக்கு மேல் போவது நல்லது; கொத்தளத்தில் நிழல் கிடையாது. 1619இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பிடித்து அரசை முடித்த போர்த்துக்கேயர் கட்டியது நாற்சதுரக் கோட்டை. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு அது வந்தது. மதிலுக்குக் கிட்டப் போய்க் கையை வைத்துப் பாருங்கள். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கடலுக்கடியில் வளர்ந்த காலத்து வரிகளும் சுழிகளும் இன்னும் கல்லில் தெரியும். இடித்த நல்லூர்க் கோயிலின் கற்களும் இங்கே வந்தன என்பது ஊர் வழக்கு. உள்ளே 1706இல் ஒல்லாந்தர் கட்டிய பெரிய தேவாலயம் இருந்தது. எங்கள் காலத்துப் போரில் அது கற்குவியலாகிவிட்டது. அந்தக் குவியலுக்கு முன்னால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள். 1981இல் எரிக்கப்பட்ட நூலகமும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆடி, ஆவணியில் வரும். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் தரைமட்டமாக்கினார்கள். இப்போதைய கோயில் ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, 1734இல் எழுந்தது. எழுப்பியவர் ஒல்லாந்தரின் கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) வேலை பார்த்த இரகுநாத மாப்பாண முதலியார். அவருக்கு 'தொன் யுவான்' என்ற பட்டப்பெயரும் இருந்தது. முருகன் கோயிலைத் திரும்ப எழுப்பிய மனிதரின் பெயருக்கு முன்னால் ஒரு போர்த்துக்கேயப் பெயர்! எங்கள் ஊரை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கினார்கள். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடமும் வைத்தார். மிஷனரிகளிடம் கண்ட வகுப்பறையையும் அச்சையும் பிரசங்கத்தையும் சைவத்துக்காகத் திருப்பிப் பிடித்தார். வட்டுக்கோட்டையையும் வண்ணார்பண்ணையையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும்.

இனிக் காணி. எங்களில் பலர் ஊருக்குப் போவதே இதற்காகத்தான், வாழ்க்கையில் வரலாறு கையைப் பிடிக்கிற இடமும் இதுதான். தேசவழமை என்கிற யாழ்ப்பாணத்து வழக்கங்களை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்தார். முதலியார்கள் பன்னிருவர் பார்த்துச் சரி சொன்னார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். தேசவழமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (மணத்தின் பின் தேடியது) என்று உங்கள் பாட்டன் பாட்டி காலத்துச் சொத்து எந்த வகை என்பதைப் பொறுத்து உரிமை மாறும். பங்குக் காணியை வெளியாளுக்கு விற்க நினைத்தால் முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். வாங்கும் முன்னுரிமை அவர்களுக்கு உண்டு. மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இந்த அறிவித்தலை ஒருவரும் நினைக்கவில்லை. லண்டனில் இருந்த சித்தப்பா ஒரு பரப்புக் காணியை விற்றார், ஊரில் இருந்த மச்சாள் வழக்குப் போட்டார். இரண்டு குடும்பமும் ஆறு வருடம் கதைக்கவில்லை. அந்த நோவோடுதான் சொல்கிறேன்: விமானச் சீட்டுப் போடுவதற்கு முன்பே காணி உறுதியின் (பத்திரத்தின்) பிரதியைத் தேடி எடுங்கள். ஊரில் இறங்கியதும் காணிப் பதிவகத்தில் பதிவைப் பாருங்கள். யாருக்காவது அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) கொடுத்திருந்தால் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர் காணி வாங்குவதற்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நொத்தாரிசு ஒருவரோடு கதைக்காமல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது. அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கோயில் வாசல் எல்லோருக்கும் திறக்க வேண்டுமென்று மாவிட்டபுரத்தில் 1968இல் போராட வேண்டியிருந்தது. அந்நியன் வருமுன் எல்லாம் சுத்தமாக இருந்தது என்ற கதையைச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஊரில் அவர்கள் சந்திக்கப்போகிற சிலருடைய பாட்டனார் வேறு கதை வைத்திருப்பார்.

நெடுந்தீவுக்குப் போவதானால் குறிகட்டுவானில் விடியப் படகு எடுங்கள், திரும்பும் படகின் நேரத்தை இறங்குமுன்பே கேட்டு வையுங்கள். ஒல்லாந்தர் தங்கள் நகரின் பெயரை வைத்து டெல்வ்ற் என்றார்கள். ஊர்ச்சனம் நெடுந்தீவை விடவில்லை. குதிரைகளை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் சாந்தில்லாமல் முருகைக்கல் அடுக்கிய வேலிகளையும் நின்று பாருங்கள். பருத்தித்துறைப் பக்கம் போனால் தெருமூடி மடத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். தெருவின் குறுக்கே கூரை, இருபுறமும் திண்ணை, நடுவே வாகனம் போகும். வழிப்போக்கனுக்கு நிழல் கொடுக்கத் தெருவை மூடிக் கட்டிய மடம் அது. வெளிவீதிகளில் சுமைதாங்கியும் மாடு உரசுகிற ஆவுரோஞ்சிக் கல்லும் கண்டால் வாகனத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வீதி அகலிக்கும்போது இவைதான் முதலில் காணாமற் போகின்றன.

கடைசி இரவுக்குக் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லி வைத்தால்தான் ஒடியல் மா, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் சேரும். மரவள்ளிக்கிழங்கும் செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தவை. ஒடியல் மா முற்றத்துப் பனையின் கிழங்கு. எங்கள் பெரியம்மா இரண்டையும் ஒரே பானையில் போட்டு, பழப்புளி கரைத்து ஊற்றி, அகப்பையால் தடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணாடிக் கோப்பையில் வாங்க வேண்டாம். குருத்தோலையில் பிளா என்ற ஓலைக் கிண்ணம் கோலித் தரச் சொல்லி, முற்றத்தில் சுற்றியிருந்து குடியுங்கள். உறைப்பில் பிள்ளைகளின் மூக்கு ஓடும். பக்கத்தில் பனங்கட்டித் துண்டு வைத்திருங்கள்.