'ஒன்று' அல்ல, 'ஒருவர்': மரியாதையாக எழுதப் பழகுவோருக்கு

எங்கள் பகுதிக்கென்று மாதம் ஒருமுறை நான்கு பக்கச் செய்தி மடல் அச்சடிக்கிறோம். பிழை திருத்துவது என் வேலை. புதிதாக எழுத வந்த தம்பி ஒருவர் சென்ற மாதம் இப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தார்:

"பஸ் நிலையம் அருகே இட்லிக் கடை வைத்திருக்கும் அரவாணி ஒன்று வங்கிக் கடன் பெற்றது."

அவரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. காதில் விழுந்த பேச்சை அப்படியே எழுதிவிட்டார். இந்த ஒரு வரியையே திருத்திப் பழகுவோம்.

படி 1: அடையாளம் தேவையா என்று பாருங்கள்

இட்லி விலை ஏறியதுதான் செய்தி என்றால், கடைக்காரரின் பாலினம் நமக்கு எதற்கு? சாதி, மதம், உடற்குறை, பிறந்த ஊர் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். "வடமாநில வாலிபர் கைது" என்று தலைப்புப் போடுகிறவர்கள், உள்ளூர்க்காரர் பிடிபட்டால் "தென்மாநில வாலிபர் கைது" என்று போடுவதில்லை. நம் செய்தியில் கடன் கிடைத்ததே, பிறப்பில் பதிந்த பாலினத்திலிருந்து மாறுபட்டு வாழும் திருநர்களுக்கான திட்டத்தில்தான். எனவே அடையாளம் இருக்கட்டும்.

படி 2: அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேளுங்கள்

பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று அரசு எழுத வேண்டும் என 1922இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர், அச்சமூகத்தைச் சேர்ந்த உறுப்பினர் எம்.சி. ராஜா. அந்த மக்களுக்குள்ளிருந்தே எழுந்த கோரிக்கை அது. பத்தாண்டு கழித்துக் காந்தி பரப்பிய 'ஹரிஜன்' வெளியிலிருந்து வந்த பட்டம். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. இலங்கையிலும் இதே கதைதான். அரசின் மக்கள்தொகைக் கணக்கு மலைத் தோட்டப் பகுதித் தமிழரை நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்' என்று எழுதிவந்தது; அந்த மக்களோ 'மலையகத் தமிழர்' என்றே தங்களை அழைத்துக்கொள்கிறார்கள்.

நல்ல சொல்லுக்கும் வயதாகும். ஏளனச் சொற்களுக்கு மாற்றாக வந்ததுதான் 'அரவாணி'. 2008இல் தமிழக அரசு அமைத்த வாரியத்துக்கே 'அரவாணிகள் நல வாரியம்' என்றுதான் பெயர். பின்னர் 'திருநங்கை' நிலைத்தது. பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுச்சொல் திருநர்.

படி 3: வினைமுற்றைப் பாருங்கள்

தம்பி 'அரவாணி'யை அடித்துவிட்டுத் 'திருநங்கை' என்று போட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தார். படித்துப் பாருங்கள்: "திருநங்கை ஒன்று கடன் பெற்றது." புதுச் சொல்லும் கடைக்காரரின் மரியாதையைக் காப்பாற்றவில்லை. தமிழில் அவமதிப்பு பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் இருப்பதில்லை. வாக்கியத்தின் வாலில், 'அது', 'ஒன்று', 'வந்தது', 'போச்சு' என்று ஒளிந்திருக்கும். தூய்மைப் பணியாளரை 'வந்தான்' என்றும் அதிகாரியை 'வந்தார்' என்றும் ஒரே பத்தியில் எழுதுகிறவர்கள் உண்டு. 'ஒருவர்', 'பெற்றார்' என்று மாற்றினோம். எனக்கு இதுதான் முக்கியமான படி. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

படி 4: கேட்டுவிட்டு எழுதுங்கள்

'மாற்றுத்திறனாளி' பொதுவாக நல்ல சொல்தான். ஆனால் ஓர் ஆசிரியரைப் பற்றி நான் அப்படி எழுதியபோது, "எனக்குக் கண் தெரியாது. பார்வையற்றவர் என்றே போடுங்கள், சுற்றி வளைக்காதீர்கள்" என்றார். நான் நாசூக்கு என்று நினைத்தது அவருக்கு மழுப்பலாகப் பட்டிருக்கிறது. நோய் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 'குஷ்டரோகி' வேண்டாம், 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்று எழுதுங்கள். குணமாகிவிட்டார் என்றால் அதையும் சேர்க்கலாம்.

படி 5: பழமொழிகள்

பாட்டி சொல்லும் பழமொழியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் எழுதும்போது மட்டும் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' வேண்டாம். 'எவ்வளவு சொல்லியும் காதில் வாங்கவில்லை' போதும்.

படி 6: சம்பந்தப்பட்டவரிடம் காட்டுங்கள்

திருத்திய வரியைக் கடைக்கே கொண்டுபோனோம்: "பஸ் நிலையம் அருகே இட்லிக் கடை நடத்தும் திருநங்கை ஒருவர் வங்கிக் கடன் பெற்றார்." கை துடைத்துக்கொண்டே படித்தவர் கேட்டார்: "எல்லாம் சரி. எனக்குப் பெயர் இல்லையா?"

பெயரைச் சேர்த்தோம். கடையின் பெயரையும் அவரே எழுதிக் கொடுத்தார். விளம்பரக் கட்டணம் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.