கண்மாய்க்கரைச் சாலைக்கும் தாங்கும் ரோடு பைக் டயர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

மதுரையிலிருந்து ஏறக்குறைய 21 கி.மீ. தொலைவிலுள்ள அழகர்கோவில் வரை நல்ல தார்ச்சாலையிலேயே போய்வருபவருக்கு எந்த டயரும் போதும். ஆனால் அதே சைக்கிளை நாகமலை அடிவாரத்துக் கிராமச் சாலையிலோ கண்மாய்க்கரையிலோ திருப்பினால், பெயர்ந்த ஜல்லியும் சீமைக்கருவேல முள்ளும் டயரின் தரத்தைச் சில கிலோமீட்டரிலேயே சொல்லிவிடும். புதிதாக ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள், ஓட்டத் தொடங்குபவர்கள் டயரை எந்த வரிசையில் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், கடைக்குப் போகுமுன் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை வாங்கிய 28 மி.மீ. அகல டயர் பிரேக்கின் அடிப்பகுதியில் உரசியது; மாட்டிப் பார்த்த டயரைக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அளப்பது எளிது. 4 மி.மீ. அலன் கீயை (போல்ட் திருகும் அறுகோணக் கம்பி) எடுத்து, இப்போதுள்ள டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) இடையிலும், டயருக்கும் பிரேக்குக்கும் இடையிலும், பின்சக்கரத்தில் ஃபிரேமின் இருபுறமும் நுழைத்துப் பாருங்கள். புதிய டயரை மாட்டிய பிறகும் அந்தக் கீ எல்லா இடங்களிலும் தடையின்றி நுழைய வேண்டும். அகலமான ரிம்மில் 28 என்று அச்சிட்ட டயர் 29, 30 மி.மீ. வரை விரியக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அகலம். டயரின் பக்கவாட்டில் 28-622 என்று இருந்தால், 28 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 700சி என்று கடையில் சொல்வதும் இந்த அளவைத்தான். 25-லிருந்து 28-க்கு மாறினாலே உள்ளே அடங்கும் காற்று ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. மெல்லிய டயரை இறுக்கமாக நிரப்பினால்தான் வேகம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். கரடான தரையில் அப்படிப்பட்ட டயர் ஒவ்வொரு கல்லிலும் குதித்து, முன்னே செல்ல வேண்டிய உழைப்பை அதிர்வாக்கி உங்கள் உடம்பிலேயே இறக்கிவிடும். ஆகவே உங்கள் ஃபிரேம் இடங்கொடுக்கும் அளவில் மிக அகலமானதை வாங்குங்கள். 32 நுழையுமானால் 32-ஐயே வாங்குங்கள்.

மூன்றாவது, முள்ளுக்கான காப்பு. ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதா என்று கேளுங்கள். காண்டினென்டல் கேட்டர்ஸ்கின் டயரில் பட்டையோடு பக்கச்சுவருக்கும் காப்பு உண்டு. ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் டயரில் 5 மி.மீ. தடிமனுள்ள அடுக்கு இருக்கிறது. அது கனமானது, ஓட்டத்தில் துள்ளல் குறையும், ஆனால் தினமும் கருவேலங்காட்டு வழியாக வேலைக்குப் போகிறவருக்கு நான் அதையே சொல்வேன். டிபிஐ என்ற எண் டயரின் நூல் நெருக்கத்தை, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பதைக் குறிக்கும்: 120 இருந்தால் மென்மை, 60 அளவில் இருந்தால் பொதுவாக உறுதி. ஜல்லிச் சாலைக்கு 60 போதும். தார்ச்சாலைக்கு மேற்பரப்பில் ஆழமான வரிகள் தேவையில்லை.

மாட்டும்போது டயரிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் சிக்கியிருக்கக் கூடாது.

இனி காற்று. டயரில் அச்சிட்டிருப்பது மேல் வரம்பு மட்டுமே, அதுவரை நிரப்ப வேண்டியதில்லை. 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் பின்னால் 75, முன்னால் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். கை மரத்துப்போனால் ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். டியூபில் அருகருகே இரண்டு துளைகள் விழுந்தால், பள்ளத்தில் ரிம் அதைக் கடித்திருக்கிறது என்று பொருள். காற்றை ஐந்து கூட்டுங்கள். பெரும்பாலான ரோடு பைக்குகளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருப்பதால் பஞ்சர் கடைக் குழாய் நேரடியாகப் பொருந்தாது. மீட்டர் உள்ள தரைப் பம்ப் ஒன்றை டயரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஒரே துளை என்றால் பெரும்பாலும் முள்தான். முறிந்த நுனி டயருக்குள் புதைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. சிறிது பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிக்கொண்டே வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கி நிற்கும். அந்த நுனியை வெளியே தள்ளிப் பிடுங்காமல் புது டியூபை மாட்டாதீர்கள்.